பழைய பால்சா கிளைடருக்கு மறுஉறை: டிஷ்யூவா, ஃபிலிமா, பட்டா, ஒட்டுப்போட்டால் போதுமா?

எடை குறைந்த பால்சா மரத்தில் செய்த, எஞ்சின் இல்லாத மாதிரி விமானங்கள்தான் இந்தக் கிளைடர்கள். பரணிலிருந்து இறக்கிய பழைய கிளைடர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மரம் நன்றாக இருக்கும். மேலே போர்த்திய காகிதம் மட்டும் பழுப்பேறி, விரல் பட்டாலே அப்பளம்போல் நொறுங்கும். பிரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்த வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எதைப் போர்த்துவது என்பதில்தான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். "ஃபிலிம் போடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்று ஒரு பக்கம். "டிஷ்யூவும் டோப்பும் இல்லாட்டி அது பழைய கிளைடரே இல்லை" என்று இன்னொரு பக்கம். (ஃபிலிம் என்பது சூட்டில் ஒட்டி இறுகும் பிளாஸ்டிக் உறை; டிஷ்யூ மெல்லிய காகிதம்; டோப் அதன்மேல் பூசும், காயும்போது காகிதத்தை இறுக்கும் திரவம்.) சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலே சொல்லப்படும் பதில்கள் இரண்டும்.

கணக்குப் போட வசதியாக, பழைய ஏ2 வகைக் கிளைடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று எஃப்1ஏ என்று அழைக்கப்படும் வகை இது. இறக்கையும் வாலும் சேர்ந்து 32 முதல் 34 சதுர டெசிமீட்டர் பரப்பு, குறைந்தபட்ச எடை 410 கிராம், 50 மீட்டர் நூலில் இழுத்து மேலேற்றி விடுவது. மேலும் கீழும் போர்த்தினால் உறைக்கு வேண்டிய பரப்பு சுமார் 0.66 சதுர மீட்டர். உங்களிடம் இருப்பது வேறு அளவு என்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முறுக்கு விறைப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது இது. நான்கு மூலையிலும் ஒற்றை ஆணி அடித்த மரச்சட்டத்தைப் பிடித்து அசைத்தால் சாய்சதுரமாகச் சரியும். பின்னால் ஒரு அட்டையை இழுத்து ஒட்டியதும் அசையாது. இரண்டு ரிப்களுக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்புகள்) முன், பின் விளிம்புகளுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டமும் அப்படிப்பட்ட சட்டம்தான். டோப் பூசி விறைத்த காகிதம் அந்த அட்டையின் வேலையைச் செய்கிறது. பழைய வடிவமைப்பாளர்கள் அதை நம்பியே மரத்தைக் குறைத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை உறையும் கட்டமைப்பின் ஒரு பகுதி.

உங்கள் சட்டம் உறையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. காகிதம் பிரித்த இறக்கையின் நடுப்பகுதியை மேசையோடு அழுத்திப் பிடித்து, நுனியை இரண்டு விரலால் மெல்ல முறுக்குங்கள். நுனியின் பின்விளிம்பு அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று சிரமமில்லாமல் ஏறி இறங்கினால், முறுக்கைத் தாங்கும் வேலை முழுவதும் உறையின் தலையில்தான். முன்விளிம்பு தொடங்கி ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வரை மேலும் கீழும் பால்சா தகடு மூடியிருந்தாலோ, ரிப்கள் குறுக்கு மறுக்காக ஓடினாலோ அவ்வளவாக முறுக்காது. அங்கே உங்களுக்குச் சுதந்திரம் கூடுதல்.

எடை, அதிலும் வாலின் எடை. ஏ2 போன்ற நீண்ட வால்காரரிடம் வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் சமநிலைக்காக மூக்கில் ஏறத்தாழ 3 கிராம் ஈயம் போட்டாக வேண்டும்.

சுருங்கும் இழுப்பு. உறை இறுகும்போது மரத்தையும் சேர்த்து இழுக்கும். புதுச் சட்டம் தாங்குவதை, பசை உலர்ந்து போன பழைய சட்டம் தாங்க வேண்டும் என்றில்லை.

இவை போக, பழைய மரத்தில் ஒட்டுமா, நாளைக்குப் பிரிக்க வேண்டி வந்தால் மரத்தோடு பிய்யுமா, முள்ளையும் ஈரத்தையும் தாங்குமா, பொருள் கிடைக்குமா என்பவை. சேகரிப்பு மதிப்புள்ள மாடல் என்றால் பிரிக்கும் வசதி முதலிடத்துக்கே வந்துவிடும்.

கீழே உள்ள எடைகள் டோப்பும் பசையும் சேர்ந்தவை; 12, 21 கிராம் என்பது மட்டும் வெறும் காகிதத்தின் சதுர மீட்டர் எடை. தூரிகை பிடிக்கும் கையைப் பொறுத்து ஐந்து, பத்து சதவீதம் முன்பின் ஆகும்.

| உறை | சதுர மீட்டருக்கு எடை | ஏ2 முழுவதற்கும் | முறுக்கு விறைப்பு | சட்டத்தை இழுப்பது | நேரம் |
|---|---|---|---|---|---|
| மெல்லிய டிஷ்யூ (12 கிராம்) + டோப் | 22–25 கிராம் | 15–17 கிராம் | நன்று | நடுத்தரம் | 3–4 நாள் |
| கன டிஷ்யூ (21 கிராம்) + டோப் | 35–40 கிராம் | 23–26 கிராம் | மிக நன்று | அதிகம் | 3–4 நாள் |
| 5 மைக்ரான் மைலார் (பாலியெஸ்டர் படலம்) + டிஷ்யூ | 24–28 கிராம் | 16–18 கிராம் | நன்று | குறைவு | 3 நாள் |
| பட்டு + டோப் | 60–70 கிராம் | 40–46 கிராம் | மிக நன்று | மிக அதிகம் | ஒரு வாரம் |
| சாதாரண ஃபிலிம் | 55–75 கிராம் | 36–50 கிராம் | குறைவு | சூட்டைப் பொறுத்தது | ஒரு நாள் |
| மெல்லிய ஃபிலிம் | 20–40 கிராம் | 13–26 கிராம் | மிகக் குறைவு | குறைவு | ஒரு நாள் |

## முதல் வழி: பிரிக்காமல் ஒட்டுப்போடுவது

காகிதத்துக்கு இன்னும் உயிர் இருந்தால் மட்டும். கட்டைவிரல் நுனியால் ஒரு கட்டத்தின் நடுவில் மெல்ல அழுத்துங்கள். குழிந்து திரும்பினால் உயிர் இருக்கிறது. நட்சத்திரம்போல் வெடித்தால் அது முடிந்த கதை. அதன்மேல் போடும் ஒவ்வொரு ஒட்டும் பக்கத்துக் கட்டத்தைக் கிழிக்கும்.

உயிருள்ள காகிதத்தில் சிறு ஓட்டைக்கு மூலையில்லாத வட்டத் துண்டு வெட்டுங்கள். கட்டத்தில் பாதிக்குமேல் போய்விட்டால், ரிப்பிலிருந்து ரிப் வரை முழுக் கட்டத்தையும் மாற்றுவதே நல்லது. டோப்பில் 50 மில்லிக்கு ஐந்தாறு சொட்டு விளக்கெண்ணெய் கலந்தால் இழுப்பு தணியும். இல்லையென்றால் புது ஒட்டு இறுகி, சுற்றியுள்ள பழைய காகிதத்தில் சுருக்கம் விழும்.

செலவு இதில்தான் குறைவு. மறைந்திருக்கும் செலவு, உள்ளே பார்க்க முடியாமல் போவது. ரிப் ஸ்பாரிலிருந்து விட்டிருக்கிறதா, இறக்கையின் நடுமூட்டு ஆடுகிறதா என்று தெரியாமலே நூலில் கட்டி இழுப்பீர்கள். முதல் உரிமையாளரின் கையெழுத்தோ, போட்டி எண்ணோ, கிட்டோடு வந்த ஒட்டுப்படமோ காகிதத்தில் இருந்தால், அதைச் சுவரில் மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், இந்த வழியைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

## பிரிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை

மற்ற எல்லா வழிக்கும் பழைய உறையைக் கழற்றியாக வேண்டும். உலர்ந்த காகிதத்தை அப்படியே உரித்தால் பால்சா நாரும் சேர்ந்து வரும். ஒட்டியிருக்கும் இடங்களில் மட்டும் தின்னர் தடவி, ஒரு நிமிடம் விட்டு, காகிதத்தைத் தட்டையாக மடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

சிக்கல் என்னவென்றால், பழைய கிளைடர்கள் பலவற்றை ஒட்டியிருப்பது பால்சா சிமெண்ட். அதுவும் டோப்பும் ஒரே நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம். டோப்பைக் கரைக்கும் தின்னர் மூட்டையும் கரைக்கும். சட்டம் முழுவதையும் ஒரேயடியாக நனைத்துவிட்டு, ரிப்கள் ஒவ்வொன்றாகச் சாய்வதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. இறக்கையைப் பலகையில் குண்டூசியால் நிறுத்தி, இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்து, காயவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காய்ந்தபின் ஒவ்வொரு ரிப்பையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் மூட்டு விட்டிருக்கிறது. வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊசிமுனையால் ஊட்டினால் போதும். முந்தைய உரிமையாளர் ஃபிலிம் போட்டிருந்தால் வேலை வேறு: இஸ்திரியால் வெதுவெதுப்பாக்கி உரித்து, மரத்தில் தங்கிய பசையை தின்னர் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தப் பசை மிச்சமிருந்தால் அதன்மேல் டோப் பிடிக்காது.

## இரண்டாம் வழி: டிஷ்யூவும் டோப்பும்

முறுக்குச் சோதனையில் தோற்ற சட்டத்துக்கு இதுதான் இயல்பான பதில். மெல்லியதா கனமா என்பதை ரிப் இடைவெளி முடிவு செய்யும். 30 மில்லிமீட்டர் அளவில் நெருக்கமாக இருந்தால் 12 கிராம் காகிதம் போதும். 50-ஐத் தாண்டினாலோ, காய்ந்த புல்லும் முள்ளும் உள்ள மைதானத்தில் இறக்குவதாக இருந்தாலோ இறக்கைக்கு 21 கிராம் எடுங்கள். வாலுக்கு எப்போதும் மெல்லியதே.

காகிதத்துக்கு நாரோட்டம் உண்டு. ஓரத்தில் சிறிது கிழித்துப் பார்த்தால் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசை இறக்கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். மாறிவிட்டால் ரிப்களுக்கு நடுவே காகிதம் பள்ளமாகத் தொங்கும்.

உறை தொடும் இடமெல்லாம் இரண்டு முறை டோப் பூசி, 400 மணல்தாளால் லேசாகத் தடவி எடுங்கள். கீழ்ப்பக்கம்தான் முதலில். ஏ2 இறக்கையின் அடிப்பக்கம் உள்வளைந்தது; காகிதத்தை ஓரத்தில் மட்டும் ஒட்டினால், இறுகும்போது ரிப்பை விட்டு எழும்பி, வளைவே காணாமல் போகும். ஒவ்வொரு ரிப்பின் அடியிலும் ஒட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். அங்கே மட்டும் தண்ணீருக்குப் பதில் டோப்பாலேயே இறுக்குவது பாதுகாப்பு. மேற்பக்கம் பூத்தூவல்போல் தண்ணீர் அடித்து இறுக்கலாம். சிவப்புக் காகிதம் சில நேரம் சாயம் விடும். வெள்ளைக்குப் பக்கத்தில் போடுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் அடித்தவுடன் இறக்கையைப் பலகையில் நிறுத்துவதை விட்டுவிட்டால் வேலை கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் பின்விளிம்புக்கு அடியில் 3 மில்லிமீட்டர் துண்டு வைத்து, வரைபடம் வேறு அளவு சொன்னால் அதன்படி, 24 மணி நேரம் கட்டிப்போட வேண்டும். பிறகு பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப். மெல்லிய காகிதத்துக்கு மூன்று பூச்சு, கனத்துக்கு நான்கு. ஒவ்வொரு பூச்சுக்கும் மேலும் கீழும் ஒரே நாளில் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசி இரவெல்லாம் விட்டால் காலையில் இறக்கை வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். அப்படி ஆனாலும் மீட்கலாம்: கெட்டில் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்தால் திரும்பும்.

கடலோர ஊர்களில் டோப்பின் எதிரி ஈரக்காற்று. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளைப் பூஞ்சைபோல் மங்கும். அந்த இடத்தில் காகிதம் வலுவும் இழக்கும். சென்னை ஐப்பசி, கார்த்திகையில் டோப் வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது மேல். வேறு வழியில்லை என்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். வெளுத்த இடத்தில் வறண்ட நாளில் வெறும் தின்னர் மெல்லிசாகத் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

டோப் கிடைக்கவில்லை என்று ஹார்டுவேர் கடையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் வாங்குவோர் பலர். தண்ணீரால் ஏற்கெனவே இறுகிய காகிதத்தை அடைக்க அது உதவும்; டோப் அளவுக்கு இறுக்காது. பக்கத்திலேயே இருக்கும் என்.சி. சேண்டிங் சீலரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தேய்க்க வசதியாகப் பொடி கலந்தது அது, எடைதான் ஏறும்.

மறைந்த செலவுகள்: வீடெல்லாம் நெடி, மூன்று நான்கு நாள் இடத்தை அடைத்துக்கொள்ளும் பலகை, பிறகு நெருப்புப் பயம். நைட்ரேட் டோப் காய்ந்தபின்னும் சட்டெனப் பற்றும். பழைய கிளைடர்களில் வாலைத் தூக்கிவிட்டு மாடலைத் தரையிறக்கும் டீதெர்மலைசருக்கு எரியும் திரி வைத்திருப்பார்கள். அதை வைத்தே பறக்கவிடுவதாக இருந்தால் திரியை அணைக்கும் அலுமினியக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். டைமருக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது.

## மூன்றாம் வழி: மைலாரும் டிஷ்யூவும்

முதலில் 5 மைக்ரான் பாலியெஸ்டர் படலம், அதன்மேல் மெல்லிய டிஷ்யூ. படலம் கிழியாமல் பார்த்துக்கொள்ளும். டிஷ்யூ விறைப்பைத் தரும். அடியில் துளையில்லாத பரப்பு இருப்பதால் டோப் குறைவாகவே செலவாகிறது, எடையும் கூடுவதில்லை. 5 மைக்ரான் படலம் சதுர மீட்டருக்கு 7 கிராம்தான். டோப் குறைந்தால் இழுப்பும் குறையும். பழைய வாலுக்கு இதைவிடப் பொருத்தமான உறை இந்தப் பட்டியலில் இல்லை.

சட்டத்தின் ஓரங்களில் சூட்டில் ஒட்டும் பசையைத் தடவி, காயவிட்டு, சின்ன இஸ்திரியால் படலத்தை ஒட்டி, குறைந்த சூட்டில் இறுக்குங்கள். மேலே டிஷ்யூவைப் பரப்பி, மூன்றில் ஒரு பங்காக நீர்த்த டோப்பைத் தூரிகையால் தடவினால் ஊடுருவி ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிக்கும் காற்றுக் குமிழ்தான் தொல்லை. மையத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

பூங்கொத்து சுற்றும் கண்ணாடித்தாளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், தடிமனும் பல மடங்கு. சரியான படலம் கிடைப்பது அரிது என்பதே இந்த வழியின் ஒரே பெரிய குறை.

## நான்காம் வழி: பட்டு

அழகுக்குப் பட்டுதான். ஆனால் ஏ2-வுக்கு வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டு பேச்சுக்கே இல்லை. இதற்கு வேண்டியது 5 மாமே (பட்டின் எடையைச் சொல்லும் அலகு) அளவு சல்லாப் பட்டு, சதுர மீட்டருக்கு 22 கிராம் வரும். இழைக்கு நடுவே உள்ள கண்களை அடைக்க ஆறேழு பூச்சு டோப் குடிக்கும். எடையும் இழுப்பும் அங்கேதான் ஏறுகின்றன. முன்விளிம்பு கெட்டியான, இரண்டரை மீட்டருக்கு மேற்பட்ட பெரிய ரேடியோ கிளைடருக்குப் பட்டு சரி. நலிந்த சட்டத்தின்மேல் போட்டால் பின்விளிம்பு ரிப்களுக்கு நடுவே அலை அலையாக உள்ளே இழுக்கும்; அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

## ஐந்தாம் வழி: ஃபிலிம்

சூட்டில் ஒட்டி, சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் உறை. நெடி இல்லை, ஈரத்தைக் கண்டு பயமில்லை, ஒரே நாளில் முடியும், நிறம் பளிச்சென்று இருக்கும். குறை சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அது பெரிய குறை. ஃபிலிமும் அதன் பசையும் நெகிழ்ந்து கொடுப்பவை. தட்டினால் மத்தளம்போல் இறுக்கமாக ஒலிக்கும், ஆனால் முறுக்கினால் இறக்கை முறுக்கும். 50 மீட்டர் நூலில் வேகமாக இழுக்கும்போது நுனிகள் படபடக்கத் தொடங்கும், அல்லது ஒரு பக்கம் முறுக்கி மாடல் சரிந்து பாயும். "டிஷ்யூல நல்லா பறந்துச்சு, ஃபிலிம் போட்டதும் நூல்ல நேரா ஏறவே மாட்டேங்குது" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் ட்ரிம் (பறக்கும் சமநிலை அமைப்பு) இல்லை, உறைதான்.

ஃபிலிமே வேண்டும் என்றால் மரத்தைக் கூட்ட வேண்டும்: ஸ்பாருக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் தகடு, அல்லது ரிப்களுக்கு நடுவே குறுக்குச் சாய்வாக 1.5 மில்லிமீட்டர் துண்டுகள். அந்த எடையையும் வேலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 'ஒரே நாள்' மூன்று நாளாகிவிடும். ஃபிலிமின் மறைந்த செலவு இதுதான்.

ஒட்டும் சூடு பொதுவாக 100 டிகிரி செல்சியஸை ஒட்டி, இறுகும் சூடு அதற்கு மேல். வகைக்கு வகை மாறும் என்பதால் சுருளோடு வரும் தாளைப் பாருங்கள். வீட்டு இஸ்திரியில் அந்த அளவை நம்ப முடியாது. கழிவுத் துண்டில் சோதித்துவிட்டுத் தொடுங்கள். உள்வளைந்த அடிப்பக்கத்தில் ஒவ்வொரு ரிப்பிலும் ஒட்டியபின்னும், மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி வைத்தால் மீண்டும் எழும்பிவிடும். பழைய டோப் ஊறிய மரத்தில் தூசி இருந்தாலும் பிடிக்காது.

ஃபிலிமே சரியான பதிலாகும் இடங்களும் உண்டு. இறக்கையில் முன்பக்கம் முழுக்கத் தகடு மூடியிருந்து, ரேடியோ வைத்து மலைச்சரிவில் மெதுவாகப் பறக்கவிடப் போகிறீர்கள். அடிக்கடி ஈரப்புல்லில் இறங்கும். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தின்னர் நெடி ஆகாது. இங்கெல்லாம் தயங்காமல் ஃபிலிம். மெல்லிய வகை ஃபிலிமை மட்டும் திறந்த சட்டத்துக்கு எடுக்காதீர்கள்; எடை குறைகிறது என்று வாங்கி, கொஞ்சநஞ்ச விறைப்பையும் இழக்க வேண்டாம்.

## கலந்து போடலாமா?

போடலாம். பெரும்பாலான பழைய ஏ2-க்களுக்கு அதையே பரிந்துரைப்போம்: இறக்கைக்குக் கன டிஷ்யூ, வாலுக்கு மைலாரும் மெல்லிய டிஷ்யூவும், உடலுக்கு மெல்லிய டிஷ்யூவோடு இரண்டே பூச்சு. கணக்கு இப்படி வரும்: இறக்கைப் பரப்பு 28 சதுர டெசிமீட்டர் என்றால் இரண்டு பக்கமும் 0.56 சதுர மீட்டர், 20 முதல் 22 கிராம். வால் 5 சதுர டெசிமீட்டர், இரண்டு பக்கமும் 0.10 சதுர மீட்டர், 3 கிராமுக்குள். அதே வாலில் சாதாரண ஃபிலிம் போட்டால் 6, 7 கிராம். கூடிய 4 கிராமுக்கு மூக்கில் 12 கிராம் ஈயம்.

வாலை உரித்ததும், ஒட்டுவதற்கு முன்னும் பின்னும், 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, எண்ணைப் பென்சிலால் நடு ரிப்பின் மரத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்தமுறை உறையைப் பிரிப்பவருக்கு, அது நீங்களோ வேறு யாரோ, வால் வெறும் மரமாக எத்தனை கிராம் இருந்தது என்பது அங்கேயே கிடைக்கும்.